குலுக்கிப் பார்த்த பெட்டி

தம்பி நீட்டிய அட்டைப்பெட்டியை அக்கா காதோடு வைத்து நாலு குலுக்குக் குலுக்கினாள். பிறந்தநாள் பரிசானாலும் குலுக்காமல் பிரிக்க மாட்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படி.

“சத்தமே இல்லை. நல்லாத்தானே கட்டியிருக்கான்? அப்புறம் ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்திருக்கே?”

“பிரிச்சுப் பாருக்கா.”

பிரித்தாள். கறுப்பு நிறம், பக்கவாட்டில் வெள்ளை எண்கள், திருகுகிற வளையம். கேமரா லென்ஸேதான். மூடியைத் திறந்தாள். உள்ளே எவர்சில்வர் பளபளத்தது.

“என்னடா இது?”

“டீ குடிக்கிற கப். லென்ஸ் மாதிரியே செஞ்சு வேடிக்கைக்கு விப்பாங்க. ஆன்லைன்ல லென்ஸுக்குப் பணம் கட்டினேன், இதை அனுப்பிட்டான்.”

சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். மச்சானின் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று பேப்பருக்குள் போய்விட்டார்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“விலை என்ன போட்டிருந்தான்?”

“கடையில விக்கிறதுல பாதி.”

“பாதி விலைக்குத் தர அவன் என்ன உனக்கு மாமனாரா?”

“அதுதான் எனக்கும் இடிச்சுது.”

“விலாசம் பார்த்தியா?”

“பார்த்தேன். மேப்ல தேடினா அந்த இடத்துல டயர் கடை இருக்கு.”

“போன்?”

“மணி அடிக்குது. யாரும் எடுக்கல.”

“கார்டுல கட்டினியா? பேங்க்ல சொல்லி நிறுத்திடலாமே!”

“கார்டு எடுக்க மாட்டானாம். நேரா கணக்குல போடச் சொன்னான்.”

“ஐயோ! இத்தனையும் தெரிஞ்சுக்கிட்டுப் போய்ப் போட்டியா? தெரியாம ஏமாந்தா பாவம்னு சொல்லலாம். பதினஞ்சு வருஷமா கேமராவைத் தோள்ல மாட்டிக்கிட்டுத் திரியறவனுக்கு நான் என்ன சொல்றது? உன் தலையில இருக்கிறதும் எவர்சில்வர்தானா?”

“விடேன்,” என்றார் வீட்டுக்காரர், பேப்பரை இறக்காமலே. “மச்சான், உங்க அக்கா ரசீது இல்லாம ஊசிகூட வாங்க மாட்டா. அவளை மாதிரியே எல்லாரும் இருப்பாங்களா?”

“நீங்க சும்மா இருங்க.”

அக்கா சமையலறைக்குள் போனாள். தம்பியும் பின்னால் போய் நிலையில் சாய்ந்துகொண்டான். மேடையில் ஒரு மின்கெட்டில் சீறிக்கொண்டிருந்தது. கைப்பிடியில் சுற்றிய பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் பிரிக்கப்படவில்லை.

“புதுசாக்கா?”

“ம். சும்மா வந்தது.”

“சும்மாவா? யாரு தந்தா?”

“யாரோ தந்தாங்க. டீயைக் குடி.”

அவன் கெட்டிலையே பார்த்துக்கொண்டு குடித்தான். பாதிக்கு மேல் இறங்கவில்லை.

“திங்கட்கிழமை ஸ்கூல் வேலை என்னடா ஆச்சு? எல்லா வகுப்பு போட்டோவும் நீதான் எடுக்கப்போறேன்னு சொன்னியே?”

“வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லிட்டேன். பழைய லென்ஸ் முழுக்கப் பூஞ்சை. அதுல எடுத்தா ஒவ்வொரு பிள்ளை முகமும் புகைக்குள்ள இருக்கும்.”

“இந்த வேலை போனா வேற வரும்.”

“வராதுக்கா. அந்தப் பணத்துலதான் வாடகை பாக்கியை அடைக்கிறதா சொல்லியிருந்தேன். காலையில ஸ்டூடியோ சாவியைக் கொடுத்துட்டேன். அடுத்த வாரத்துலேருந்து ஜெராக்ஸ் கடையில பாஸ்போர்ட் போட்டோ. மாசச் சம்பளம்.”

“கதவுல உன் பேரு எழுதி ஒரு வருஷம்கூட ஆகலையேடா...”

“சுரண்ட ஆரம்பிச்சுட்டாங்க. நான் வரும்போது பாதிப் பேரு போயிருந்துச்சு.”

அக்காவுக்கு அழத் தெரியாது, திட்டத்தான் தெரியும்.

“அப்படி எதைப் பார்த்துத்தான் நம்பினே? அதையாவது சொல்லு.”

தம்பி பையிலிருந்து போனை எடுத்தான். கூடத்தில் இருந்த அக்கா வீட்டுக்காரரை ஒருமுறை பார்த்தான். போனைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டான்.

“கிளம்புறேன்க்கா. கீழ வரைக்கும் வாயேன்.”

படியிறங்கும்போதும் அவள் வாய் ஓயவில்லை. முதல் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஆரம்பித்தாள்.

“நான் என்ன செத்தா போயிட்டேன்? போடுறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?”

அவன் போனை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அந்தக் கடையின் பக்கம். லென்ஸ் படத்துக்குக் கீழே, வாங்கியவர்கள் கருத்து. ஐந்து நட்சத்திரம். பெயர் இல்லை.

‘எனக்கு யாரையும் லேசில் புகழ வராது. நாத்தனார் மகனுக்காக வாங்கினேன். பார்சல் இரண்டு நாள் தாமதம், அதற்காகக் கடைக்காரர் தலையில் ஒரு குட்டு. ஆனால் வந்த பெட்டியைக் காதோடு வைத்து நாலு குலுக்குக் குலுக்கினேன், சத்தமே இல்லை, அவ்வளவு பத்திரம். பொருள் அசல். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.’

அக்கா கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள்.

“நாலு வரி புகழ்ந்து எழுதினா... கெட்டில் தர்றேன்னாங்கடா. என்ன கடை, என்ன பொருள்னுகூட நான்...”

அந்த வாயில் வார்த்தை நின்றுபோய்த் தம்பி அன்றுதான் பார்க்கிறான்.

போனை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

“உன்னைக் கேட்காம நான் எதையாவது வாங்கியிருக்கேனாக்கா? இதைப் படிச்சப்புறம்தான் பணம் போட்டேன்.”