நெருப்பில்லாத பக்கம்

"குத்திட்டியே! ஐயோ, குத்திக் குத்திக் கொன்னுட்டியே!"

தலைமைச் சமையல்காரர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. குத்துப்பட்டது கொழுப்பே இல்லாத பன்றி இறைச்சித் துண்டு என்று தெரிந்ததும், ஏமாந்து மூடிக்கொண்டது.

அவருடைய மனைவி கத்தி முனையால் இறைச்சியில் அங்கங்கே குத்தி, குத்திய இடத்தில் எல்லாம் பூண்டுப் பல்லைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, தடுப்பூசி போடுறியா? கொழுப்பில்லாத கறியில ஓட்டை போட்டா இருக்கிற சாறும் ஓடிப்போயிடும். பெரிய ஹோட்டல்ல இருபது பேரை மேய்க்கிறவன் பொண்டாட்டிக்கு இதுகூடத் தெரியல. இந்த லட்சணத்துல கேன்டீன் வேலைக்குப் போகணுமாம்!"

ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவள் சமையலைக் குறை சொல்லியே வயிறு வளர்த்தவர் அவர். தொப்பையில் மட்டும் எந்தக் குறையும் இல்லை.

அதனால்தான் இன்றைக்குத் தம்பி வீட்டுப் பின்புறத்தில் இந்தப் போட்டி. ஒரே இறைச்சியை இரண்டாக வெட்டி, இரண்டிலும் ஒரே மாதிரி உப்பும் மிளகும் தடவியாயிற்று.

"ஆளுக்கொரு துண்டு. உன்னுது நல்லாயிருந்தா தாராளமா வேலைக்குப் போ. இல்லேன்னா அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. எல்லாரும் சாட்சி."

தீர்ப்பு சொல்வது யார்? வேறு யார், அவரேதான்.

சக்கரம் வைத்த அந்த வட்ட அடுப்பில் கரி முழுவதையும் வலப்பக்கமாகவே குவித்துக்கொண்டார். தணலுக்கு நேர் மேலே தன் துண்டை வைத்தார். இடப்பக்கம் பொட்டு நெருப்பு கிடையாது.

"நெருப்பு எனக்கு. அந்த ஓரம் உனக்குப் போதும்."

"போதுங்க," என்று தன் துண்டை வைத்துவிட்டு, தட்டு கழுவ உள்ளே போனாள் மனைவி.

மூடியைக் கவிழ்த்தவர் விரலை ஆட்டினார். "நான் சொல்ற வரைக்கும் அடுப்பை எவனும் தொடக்கூடாது. தொட்டா கையை ஒடிச்சிடுவேன்."

அதற்குள் ஹோட்டலிலிருந்து போன். "சாஸ் திரிஞ்சுபோச்சுன்னா குப்பையில கொட்டுடா! அதுக்கும் நான்தான் வரணுமா?" என்று கத்திக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார்.

மூடியின் துளை வழியாகப் புகை கிளம்பி, நேராகக் கொடியில் காய்ந்த துணிமேல் போயிற்று. தம்பி மனைவிக்குப் பொறுக்கவில்லை. "காலையில பூரா நின்னு துவைச்சிருக்கேன். முதல்ல அந்தச் சனியனை அந்தப் பக்கம் திருப்புங்க!"

தம்பிக்கு அண்ணனிடம் பயம்தான். பெண்டாட்டியிடம் அதைவிடக் கொஞ்சம் அதிகம். சக்கரத்தை உருட்டி, புகைத்துளை சுவரைப் பார்க்கும்படி அடுப்பை அப்படியே அரைவட்டம் திருப்பிவிட்டு, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்பது போல் போய் நின்றுகொண்டான்.

திரும்பி வந்தவர் புகையைப் பார்த்தார். "காத்து மாறிடுச்சு," என்றார், உலகத்துக் காற்றெல்லாம் அவரைக் கேட்டுத்தான் வீசுவது போல. பிறகு நாற்காலியில் சாய்ந்து, கறி சுடுவதைப் பற்றி எல்லோருக்கும் வகுப்பு எடுத்தார். வெந்த வாசனை வந்தபோதும் எழுந்திருக்கவில்லை. ஹோட்டலிலேயே அவர் கை அடுப்பைத் தொட்டு வருஷக்கணக்காகிறது. விரல்தான் வேலை செய்யும்.

"டேய், வலப்பக்கம் இருக்கறது என்னோடது. இடப்பக்கம் அண்ணியோடது. எடுத்து ஆறவிட்டு, துண்டு போட்டுக் கொண்டா."

அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசிப் பழக்கமில்லாத தம்பி அப்படியே செய்தான்.

தட்டுகளைப் பார்த்ததும் மனைவி, "ஏங்க, இது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"நீ வாயைத் திறக்காதே. இப்பப் பேச வேண்டியது என் நாக்கு."

முதலில் அவளுடைய தட்டு. ஒரு வாய் மென்றார், துப்பினார்.

"கரியையும் மரத்தூளையும் சேர்த்து மெல்லற மாதிரி இருக்கு! நெருப்பே இல்லாத பக்கம் வெச்சும் கருக்கியிருக்கா பாருங்க. அதுக்கெல்லாம் தனித் திறமை வேணும். இதைச் செருப்புக்கு அடியில ஒட்டினா ரெண்டு வருஷம் தேயாது. பள்ளிக்கூடப் பிள்ளைங்க தப்பிச்சுதுங்க!"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஓரகத்தி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஒரு மனுஷன் இவ்வளவு கொடுமையாகவா பேசுவான்!

அடுத்தது அவருடைய தட்டு. ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடினார். இரண்டாவது துண்டு போயிற்று. மூன்றாவதும் போயிற்று.

"ஆஹா! பல்லே வேணாம், உதடு போதும். இது கறி! இதைச் சுட்ட கையை எந்தச் சமையலறையாவது வேணாம்னு சொல்லுமா? சொல்லுங்க, எல்லாரும் சாட்சி!"

எல்லோரும் தலையாட்டினார்கள். அவருக்கு அது போதவில்லை. நாலாவது துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சாறு சொட்டுது பாரு. அது மட்டுமில்ல, முழுங்கினப்புறம் நாக்குல லேசா ஒரு தித்திப்பு வந்து நிக்குதே, அது எதுனால? இங்கே எவனுக்காவது சொல்லத் தெரியுமா?"

மனைவி நிமிர்ந்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"பூண்டுங்க."