மணி அடித்தால்தான் தூக்குவோம்

தீபாவளிப் பட்டாசு லோடு ஏற்றுவதைக்கூட நிறுத்திவிட்டு, மரியபுஷ்பத்தின் சாவுக்குத் தாயில்பட்டியே திரண்டிருந்தது. மகன் அன்பரசன் அழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களிடம், “சாப்பிட்டீகளா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

“தீப்பெட்டி ஒட்டியே மகனை வாத்தியாராக்குனா. கோயில்லயும் அம்புட்டு வேலையும் அவதான். சாமியாரே அவளைக் கேட்டுத்தான் தும்முவாரு,” என்றாள் பக்கத்து வீட்டு முத்துமாரி.

மாதா கோயில் மணி அடித்தால்தான் பெட்டியைத் தூக்குவது ஊர் வழக்கம். நாலு மணி தாண்டியும் சத்தமில்லை. வானம் கறுத்தது.

சித்தப்பா பொறுமையிழந்தார். “ஏலே, மழை வந்தா குழி ரொம்பிரும். மணியடிக்க யாருட்டச் சொன்ன?”

“எப்பவும்போல அம்மாட்டதான் சித்தப்பா. காலையிலயே சொல்லிட்டேனே.”

முப்பது வருஷமாய் ஊர்ச் சாவுக்கெல்லாம் மணிக்கயிறு இழுத்த கைகள், செபமாலை சுற்றி, பெட்டிக்குள் கிடந்தன.