அஞ்சோட நிறுத்து!

"கண்ணு, அஞ்சோட நிறுத்து! பாரைக் கீழ போடு!"

கூட்டத்திலிருந்து அந்தக் குரல் வந்தபோது, கனகா ஆறாவது முறையாகப் பளுதூக்கும் பாரைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தாள்.

"சொன்னாக் கேக்க மாட்டியா? போடு கீழ!"

திடுக்கிட்டுப் போட்டாள். பாரின் ரப்பர் எடைத்தட்டுகள் மேடையில் துள்ளின.

ஏற்காடு ஏரித் திடலில் இறுதிச் சுற்று. முப்பது கிலோ பாரை ஐந்து நிமிடத்தில் அதிக முறை தூக்குபவருக்கு மட்டும்தான் மாநிலப் போட்டி. போன வருடம் கனகா ஒரே மூச்சாகத் தூக்கித் தள்ளி, பாதியில் கை மரத்து உட்கார்ந்துவிட்டாள். "இந்தத் தடவையும் தோத்தா, பேசாம ஊட்டுல இரு கண்ணு" என்று அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். பயிற்சி தரும் வசந்த் அண்ணனோ நாகலூரில் பஸ்ஸை விட்டுவிட்டார்.

பக்கத்து மேடையில் சேலத்துச் சிவரஞ்சனி நிறுத்தவேயில்லை. பத்தைத் தாண்டிவிட்டாள். விசில் பறந்தது. கனகா அவசரமாகக் குனிந்தாள்.

"பக்கத்துல பாக்காத கண்ணு! மூணு மூச்சு வாங்கு, அப்புறம் தொடு!"

யாரென்று திரும்பிப் பார்க்க நேரமில்லை. தனக்கென்று ஒரு ஆள் இருக்கிறதே! மூன்று மூச்சு வாங்கினாள். தொட்டாள்.

"கையால இழுக்காத, காலால தள்ளு! பார் உடம்ப ஒட்டியே வரட்டும்!"

தள்ளினாள். பார் பஞ்சாய் மேலே போனது. ஐந்து. கீழே. மூன்று மூச்சு. மறுபடி ஐந்து. குரலும் அவளும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டார்கள்.

மூன்றாம் நிமிடம் சிவரஞ்சனி இடுப்பில் கைவைத்து நின்றாள். ஒன்று தூக்கினாள். மறுபடி நின்றாள்.

"இப்பவாச்சும் கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கு, சாமி!"

கனகா ஐந்தை மூன்றாக்கினாள்.

"கடைசி நிமிசம்! இனி மூச்செல்லாம் பாக்காத, விடாமத் தூக்கு!"

தூக்கினாள். எண்ணிக்கை மறந்தது, கூட்டம் மறந்தது. மணி அடித்தபோது பார் தலைக்கு மேலே இருந்தது.

நடுவர் அவள் கையை உயர்த்தினார். நான்கே தூக்கு வித்தியாசம்!

கனகா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கூட்டத்துக்குள் ஓடினாள். கழுத்தில் விசிலோடு, தொண்டை கட்டிப்போய் ஒரு அம்மாள் நின்றிருந்தார்.

"நீங்கதானுங்களா மேடம்? நொம்ப நன்றிங்க! நீங்க சொன்னபடியேதானுங்க தூக்குனேன்!"

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்கு யாரு கண்ணு சொன்னா?"

பிறகு பக்கத்து மேடைப் பக்கம் திரும்பினார். "ஏண்டி, பெத்தவ தொண்டை கிழியக் கத்துனேனேடி!"

அம்மாவின் வாய் அசைவதைப் பார்த்த சிவரஞ்சனி, இரண்டு காதிலிருந்தும் பஞ்சைப் பிடுங்கினாள்.

"என்னம்மா? எதாச்சும் சொன்னியா?"