துரையின் ரப்பர் தொட்டி

பசுமலை பங்களாவின் பின்வராந்தாவில், சீமையிலிருந்து துரையோடு கப்பலேறி வந்த ரப்பர் குளியல் தொட்டி மடிப்பு மடிப்பாகச் சரிந்து கிடக்கிறது. நேற்று அதன் அடியில் ஒழுகிய தண்ணீர் துரையின் பூட்ஸை நனைத்துவிட்டது. இன்றும் ஒழுகினால் வேலை போய்விடும் என்று பட்லர் அப்துல் அலீமுக்குத் தெரியும். சைக்கிள் கடை சோலை தொட்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறான். “பஞ்சரைக் கண்டுபிடிக்கத் தண்ணிக்குள்ள முக்கணும் பாய். இம்புட்டுப் பெரிச முக்கணும்னா தெப்பக்குளத்துக்குத்தான் போகணும்.” “ஏப்பா, தண்ணிய அதுக்குள்ள ஊத்துனா தெரிஞ்சிரும்ல?” சோலை ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் குடத்தை எடுக்கிறான். ஓட்டை தெரிகிறது. பிறகு உப்புத்தாள் உரசும் சத்தம், சொலூஷன் வாடை, கட்டைவிரல் அகலத்தில் ஓர் ஒட்டு. வெந்நீர் நிரப்பியாகிவிட்டது, சாய்வெயிலில் ஆவி பொன்னாக எழும்புகிறது, தரை காய்ந்தே இருக்கிறது. ஆனாலும் சோலை கிளம்பவில்லை. “ஆளு ஏறி உக்காராம ஒட்டு நிக்குமான்னு சொல்ல முடியாது. நீங்க உக்காருங்க பாய்.” “நானா? துரை தொட்டியிலயா?” “ஓட்டிப் பாக்காம எங்கடையில ஒரு சைக்கிளும் வெளிய போனதில்ல.” அலீம் பித்தளை வில்லை பதித்த பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக உள்ளே இறங்குகிறார். பதினோரு வருஷமாக இந்தத் தொட்டிக்கு வெந்நீர் விளாவுகிறவருக்கு, அந்தச் சூடு இடுப்பைச் சுற்றி ஏறும்போது எப்படி இருக்கும் என்பது இப்போதுதான் தெரிகிறது. வாசலில் மோட்டார் ஹாரன் கேட்கிறது. சோலை தரையில் கன்னத்தை வைத்துப் பார்க்கிறான். “ஒரு பொட்டு ஒழுகல. எந்திரிங்க பாய், துரை வந்துட்டாரு.” “இன்னொரு தடவ நல்லாப் பாரு,” என்கிறார் அலீம், கண்களைத் திறக்காமல்.