பால் கவரின் மூலை

இடது கையில் பால் கவரைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கத்திரிக்கோலை எடுத்தேன். கவரின் மூலை நடுங்கியது.

"அக்கா, என்னைத் தனியா வெட்டிடாதே," என்று கத்திரியிடம் கெஞ்சியது.

ஜன்னல் கம்பியில் நேற்றைய கவர் கழுவிக் காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு மூலை இல்லை.

"உன் மூலை எங்கே?" என்று இன்றைய மூலை கேட்டது.

"பாத்திரம் கழுவுற தொட்டி ஓட்டையில போயிடுச்சு. நான் இன்னைக்கு குப்பை வண்டியில ஏறி, உருகி, குடமோ வாளியோ ஆயிடுவேன். அது நகத்தளவு. அதை யாரு தேடி எடுப்பாங்க?"

மூலை கத்திரியின் பக்கம் திரும்பியது. "ஒரு ஓரம் ஒட்டியிருந்தா போதும்கா. நானும் கூடவே போயிடுவேன்."

"என்னைச் சொல்றியே. கை அழுத்தினா மூடுறதுதானே என் வேலை?" என்றது கத்திரி. ஆனாலும் பாவம் பார்த்து மெதுவாகத்தான் வெட்டியது. நானும் விரலைத் தளர்த்தினேன். நூலளவு மிச்சம் வைத்து நின்றது. மூலை மூச்சு விட்டது.

அப்போது தெருவில் விசில் சத்தம் கேட்டது. "தேன்மொழி, குப்பை வண்டி வந்துடுச்சு, சீக்கிரம் வா," என்று என் வீட்டுக்காரர் வாசலிலிருந்து கூப்பிட்டார். திடுக்கிட்டதில் என் விரல்கள் கத்திரியை அழுத்திவிட்டன. மூலை தனியாக அறுந்து, தொட்டி ஓட்டைக்குள் போய் விழுந்தது.