கஞ்சிக் கப்பு

ஆரணித் தெருவின் நீளத்துக்கு நெசவுக்காக விரித்த பட்டு நூல் பாவில் காலை வெயில் மயில்கழுத்து நிறமாய் வழுக்குகிறது. ஒரு முனையைச் சம்பந்தமும் மறுமுனையைப் பார்த்திபனும் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். கையை விட்டால் இழை சிக்கிக்கொள்ளும். அதனால் சண்டையெல்லாம் வாயில்தான். “தொண்ணூறுகள்ல கபடின்னா நம்ம தனசேகரன்தான்யா. கண்ணமங்கலத்துல நாலு பேரை இழுத்துகினு கோட்டைத் தொட்டான்,” என்கிறார் பார்த்திபன். “திருமலை பாடிகினு போனா சேத்துப்பட்டு டீமே பின்னாடி போவும்.” சம்பந்தம் திருமலையின் ஏமாற்றுக் காலடியை, பிடித்த முனையை விடாமலே ஆடிக் காட்டுகிறார். பாவு அதிர்கிறது. நடுவில் நின்று கஞ்சி தடவும் கற்பகம் துணியைப் பிழிகிறார்.

“அவுங்க ரெண்டு பேரும் தெருவுக்கு எத்தினி கப்பு கொண்டாந்தாங்கண்ணா?”

கற்பகம் கையிலிருக்கும் கஞ்சிப் பாத்திரத்தைத் திருப்புகிறார். நசுங்கிய, இரண்டு காது வைத்த வெள்ளை உலோகக் கப்பு. தினமும் அவர்கள் பார்க்கிற பாத்திரம்தான். கஞ்சி வழிந்து காய்ந்த இடத்தைக் கட்டைவிரலால் துடைக்கிறார். மகளிர் கபடி, முதல் பரிசு, 1996. கேப்டன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவர் பெயர்.

“பாவு தொய்யுது,” என்கிறார் கற்பகம். “இழுத்துப் புடிங்க.”

இருவரும் இழுத்துப் பிடிக்கிறார்கள்.