கண்ணன் வாயில் வெண்ணெய்

ஸ்ரீஜயந்தியன்று, மைசூர் சரஸ்வதிபுரத்து வீட்டில், பெருமாளுக்கு அமுது செய்விக்க வைத்திருந்த வெண்ணெய்க் கிண்ணம் பூஜைக்கு முன்பே வெறுமையாயிற்று. அருகே எட்டு வயது முகுந்தன் நின்றிருந்தான்.

"யாருடா தின்னது?" என்று உறுமினார் தந்தை நரசிம்மன்.

"கிருஷ்ணன்."

அவன் காட்டிய திசையில் பார்த்தாள் தாய் யதுகிரி. தவழும் கண்ணன் விக்கிரகத்தின் வாயெல்லாம் வெண்ணெய். அதைப் பூசிய முகுந்தனின் பிஞ்சு விரல்களோ இன்னும் பளபளத்தன.

"நல்ல நாளும் அதுவுமா பொய்! அதுவும் பெருமாள் மேலேயே பழி!" நரசிம்மன் கை ஓங்கினார்.

யதுகிரி குறுக்கே பாய்ந்தாள். "அடிக்காதீங்கோ! முதல்ல டாக்டருக்குப் போன் பண்ணணும்."

"பொய் சொன்னதுக்கு டாக்டரா? உனக்கென்ன பைத்தியமா?"

அதற்குள் அவள் பேசத் தொடங்கியிருந்தாள்.

"டாக்டர், தனக்குத் தெரிஞ்சது மத்தவாளுக்குத் தெரியாதுங்கறது நாலு வயசிலேயே புரியணும், இவனுக்கு இன்னும் புரியலை, அதனால பொய்கூடச் சொல்ல வராதுன்னு சொன்னேளே? இன்னிக்கு எங்களையே ஏமாத்தப் பார்த்தான், டாக்டர்! சாட்சியெல்லாம் ஜோடிச்சு!"

ஓங்கிய கை தாழ்ந்தது. நரசிம்மன் மகன்முன் மண்டியிட்டு, அந்த வெண்ணெய் விரல்களைக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"யாருடா தின்னது? இன்னொரு தரம் சொல்லு, ராஜா."